கோதுமை பீரும் கொழிஞ்சாம்பாறைக் கள்ளும்

எழுதி ரொம்ப நாளாகி விட்டது. ஆண்டு முடிவுக் கணக்கு, பையனுக்குப் பரீட்சை என்று சாக்கு சொல்ல நிறைய இருக்கிறது. இன்றைக்கு எடுத்துக்கொண்டு வந்திருப்பது கொஞ்சம் வில்லங்கமான விஷயம். தலைப்பைப் பார்த்ததுமே வீட்டம்மா, "குடும்பத்தோட படிக்கிறவங்க இருக்காங்க, இதெல்லாம் எழுதணுமா?" என்று கேட்டாயிற்று. முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இங்கே ஃபிராங்பர்ட்டில் என்னோடு வேலை பார்க்கிறவர்களில் ஒருவர் பவேரியாக்காரர். வார நாட்களில் கடன் கோப்பு, வட்டி விகிதம் என்று என்னைப் போலவே தலையைப் பிய்த்துக்கொள்வார். சனிக்கிழமையானால் நிலவறையில் பீர் வடிப்பார். போன குளிர்காலத்தில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. மூடியைக் கொஞ்சம் விலக்கியதும் வெள்ளை வெளேரென்று நுரை. குப்பென்று ஒரு புளித்த வாடை வந்தது பாருங்கள், நான் நிலவறையிலேயே இல்லை. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அப்புச்சியின் தென்னந்தோப்பில், காலை ஏழு மணிக்கு, கள்ளு முட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"உங்க ஊர்ல வீட்ல என்ன வடிப்பீங்க?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "எங்க ஊர்ல அது குற்றம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதில் அரைகுறை என்று அப்புறம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் குற்றம், எப்போதிலிருந்து குற்றம் என்று தேடப்போய்த்தான் இந்தப் பதிவு.

முதலில் அவர் வடிப்பது என்னவென்று பார்த்துவிடலாம். வைஸ்பியர், அதாவது கோதுமை பீர். கோதுமையை ஊற வைத்து, முளை கட்டி, உலர்த்தினால் அது மால்ட். பாதிக்கு மேல் கோதுமை மால்ட், மீதிக்கு பார்லி மால்ட். முழுக்கக் கோதுமையே போட்டால் என்ன என்று கேட்டேன். பார்லிக்கு உமி உண்டு, கோதுமைக்குக் கதிரடிக்கும்போதே உமி போய்விடும், அந்த உமிதான் கீழே படிந்து வடிகட்டியாக வேலை செய்யும், அது இல்லாவிட்டால் எல்லாம் களியாகி அடைத்துக்கொள்ளும் என்றார். மால்ட்டை உடைத்து 65 டிகிரி சுமாருக்குச் சூடான நீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால், முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, ஈஸ்ட் சேர்த்தால் ஒரு வாரத்தில் பீர். அதில் கிராம்பு வாசனையும் வாழைப்பழ வாசனையும் வரும். இரண்டையும் யாரும் போடுவதில்லை. எல்லாம் அந்த ஈஸ்ட் பண்ணுகிற வேலை.

கோதுமை பீரில் சாதிகள் பல. பெல்ஜியத்தில் முளை கட்டாத கோதுமையைச் சேர்த்து, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் தட்டிப் போடுவார்கள் (நம்ம ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல). பெர்லினில் புளிக்கப் புளிக்க ஒன்று உண்டு. அதற்கு இனிப்பு சிரப் ஊற்றிக் குடிப்பார்கள். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் இன்னும் விசேஷம். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பச்சைக் கோதுமை. ஈஸ்ட்டே சேர்க்க மாட்டார்கள். அகலத் தொட்டியில் திறந்து வைத்து ஒரு ராத்திரி ஆற விட்டால், காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கிற காட்டு ஈஸ்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தோப்பு முட்டியில் தினமும் நடந்தது இதேதானே!

இந்த முளை கட்டும் வித்தை வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்று நினைத்திருந்தேன். நான் படித்தது பி.காம். தமிழ் இலக்கியத்துக்கும் எனக்கும் பரீட்சை அளவுக்குத்தான் பழக்கம். ஆனால் பெரும்பாணாற்றுப்படையில் இதன் செய்முறை இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, சங்க காலத்துப் பத்துப்பாட்டில் ஒன்று. தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, அகலமான தட்டில் ஆற விட்டு, முளையை இடித்த அடையை அதில் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, கெட்டியான சாடியில் முற்ற விட்டு, விரலால் அலைத்துப் பிழிவதாக வருகிறது. கோதுமைக்குப் பதில் அரிசி. ஹாப்ஸ் கிடையாது. மற்றபடி என் நண்பரின் நிலவறையில் நடக்கிற அதே வேலை. வீட்டில் காய்ச்சிய இந்த நெல் கள்ளுக்குத் தோப்பி என்று பேரும் இருந்திருக்கிறது. இன்றைக்குத் தோப்பி என்று சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குப் புரியும்?

எங்கள் பக்கத்தில் கடைசி வரை நின்றது தென்னை, பனை மரத்துக் கள். அதில் முளை கட்டும் வேலையே இல்லை. மரமே சர்க்கரை நீராகக் கொடுத்துவிடும்.

அப்புச்சி தோப்பில் மரமேறிக்கொண்டிருந்தவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். நாங்கள் வாண்டுகள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அப்போது யாரும் அதைத் தப்பென்று சொல்லித் தரவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது. விரியாத பாளையைக் கயிறு சுற்றிக் கட்டி, தினமும் எலும்புத் துண்டால் தட்டித் தட்டிப் பக்குவப்படுத்துவார். நீர் கசிய ஆரம்பித்ததும் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு முட்டியைக் கட்டுவார். ஒரு மரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் ஏறி இறங்க வேண்டும். கிடைப்பது ஒன்றிரண்டு லிட்டர். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் கள். பழைய முட்டியை அவர் தேய்த்துக் கழுவ மாட்டார், அலசி மட்டும் வைப்பார். "ரொம்பக் கழுவினா கள்ளு ஊமையாயிருமுங்க" என்பார். முட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு "பேசுது" என்பார். போன தடவை வடித்ததின் அடி ஈஸ்ட்டைப் பத்திரமாக எடுத்து வைத்து அடுத்த தடவைக்குச் சேர்க்கிறார் என் நண்பர். விஷயம் ஒன்றுதான். அவர் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டார். இவருக்கு அவர் அப்பா சொல்லிக் கொடுத்தது.

எங்கள் வீட்டில் யாரும் கள் குடிக்கக்கூடாது. அம்மிச்சி இருக்கிற வரைக்கும் அந்தச் சட்டம் மாறவே இல்லை. மரத்துப் பணம் வீட்டுக்குள் வரலாம், கள் வரக்கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு ஆப்பம். ஆப்பத்துக்கு மாவாட்டும் அன்றைக்கு மட்டும் ஒரு சின்னத் தூக்குப்போசியில் கள் வரும், கொல்லைப்புறம் வழியாக. மாவு பொங்கியதும் போசியை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். ஈஸ்ட் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த ஒரு வழியில்தான்.

இனி கணக்குக்கு வருகிறேன். அது என் தொழில்.

1516-ல் பவேரியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது என்று. தூய்மைச் சட்டம் என்று இன்றைக்கும் பாட்டில்களில் பெருமையாக அச்சடிக்கிறார்கள். அதில் பாதி விலைக் கட்டுப்பாடு. கோதுமை ரொட்டிக்கு வேண்டும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சரி, அப்படியானால் கோதுமை பீர் எப்படிப் பிழைத்தது? டேகன்பர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் தனிச் சலுகை கொடுத்திருந்தார்கள். 1602-ல் அந்தக் குடும்பம் வாரிசில்லாமல் முடிந்தது. உடனே டியூக் முதலாம் மேக்ஸிமிலியன் அந்த உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். கெல்ஹைம், மியூனிக் என்று அரசாங்கமே ஆலைகளைக் கட்டி வடித்து விற்றது. ஊர் ஜனம் வடித்தால் குற்றம், கஜானா வடித்தால் வருமானம். 1872-ல்தான் கேயோர்க் ஷ்னைடர் என்பவர் கோதுமை பீர் வடிக்கும் உரிமையை அரண்மனையிடமிருந்து வாங்கினார். அந்தக் கம்பெனி இன்றும் கெல்ஹைமில் அதே பழைய ஆலையில் நடக்கிறது.

இப்போது நம் பக்கம். பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில், அதாவது மதராஸ் மாகாணத்தில் இருந்தது. பக்கத்திலேயே இருக்கிற சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யத்துக்குச் சொந்தம். சுற்றிலும் பிரிட்டிஷ் நிலம், நடுவில் கொச்சி ராஜாவின் துண்டு. மதராஸில் 1886-ல் அப்காரிச் சட்டம் வந்தது. கொச்சியில் கொல்லம் ஆண்டு 1077-ல், அதாவது 1902-ல் வந்தது. இரண்டுக்கும் சாரம் ஒன்று: குடிக்காதே என்று சொல்லவில்லை, உரிமம் வாங்காமல் வடிக்காதே, இறக்காதே, விற்காதே என்றார்கள். மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். வீட்டுக் கொல்லையில் இறக்கினால் கணக்கில் வராது. கணக்கில் வராததெல்லாம் குற்றம்.

அப்புறம் மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்தார். கள், சாராய வருமானம் போனால் அரசாங்கத்துக்கு ஓட்டை விழுமே? அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார்கள். பி.காம். படித்தபோது விற்பனை வரி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதன் வேர் கள்ளு முட்டியில் இருக்கிறது என்று அப்போது தெரியாது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. மலபாரும் அதில் அடக்கம். 1956-ல் கேரளம் பிறந்தது. 1967-ல் அங்கே மதுவிலக்கை எடுத்துவிட்டு, பழைய கொச்சிச் சட்டத்தையே மாநிலம் முழுக்க விரித்தார்கள். கொச்சி ராஜா போய்விட்டார். அவர் சட்டம் 1077 என்ற பழைய நம்பரோடு இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடல். அப்போது எனக்கு ஆறேழு வயது. பொள்ளாச்சிப் பக்கம் பெரியம்மா வீட்டுத் தோப்பில் மரமேறுவது அந்தப் பொங்கலோடு நின்றது ஞாபகம் இருக்கிறது. எங்கள் அப்புச்சி தோப்பில் நிற்கவில்லை. நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதே மண், அதே தென்னை, அதே பாஷை. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாகச் செக்போஸ்ட். அந்தப் பக்கம் தொழிலாளிக்கு 1969-லேயே சட்டம் போட்டு நல நிதி. இந்தப் பக்கம் அதே வேலைக்கு வழக்கு. கள் குடிப்பதற்கென்றே பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களைச் சித்தூர்ப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சித்தூர்த் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் போகிறது.

இடுக்கி எல்லைக் கதையும் இதற்கு ஒட்டினதுதான். மறையூர், வட்டவடை எல்லாம் கேரளம், பேச்சு தமிழ். வட்டவடை மலையில் முன்பு கோதுமை விளைந்ததுண்டு. இப்போது பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. கேரளத்துக் கோதுமையில் பீர் வடிக்க வேண்டுமென்றால் என் நண்பர் அங்கேதான் போக வேண்டும். போனால் மறுநாள் எக்சைஸ்காரர்கள் வருவார்கள்.

தமிழ்நாட்டில் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. மேக்ஸிமிலியன் செய்து 401 வருஷம் கழித்து. ஆலையில் செய்த பீரும் பிராந்தியும் சர்க்கார் கடையில் வாங்கலாம், மரத்தில் இறங்கியது கூடாது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் மதுவை வெளியே வைத்துவிட்டார்கள். எந்த மாநிலமும் அந்த வரியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஒழுக்கம் பற்றிய பேச்சு ஆட்சிக்கு ஆட்சி மாறும். பேரேட்டில் அந்த வரவு மட்டும் மாறாது.

இப்படிச் சொல்வதால் கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மிச்சி ஏன் அவ்வளவு கறாராக இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் அண்ணன் குடித்தே தோப்பை விற்றவர். மதுவிலக்கு வேண்டும் என்று பெண்கள் கேட்டதெல்லாம் கணக்குப் புத்தகத்துக்காக அல்ல. ஸ்ரீ நாராயண குரு 1921-ல், மது விஷம், அதைச் செய்யவும் கொடுக்கவும் குடிக்கவும் வேண்டாம் என்று சொன்னார். அவர் பிறந்த ஈழவ சமூகத்தில்தான் மரமேறுகிறவர்கள் நிறைய. அந்தத் தொழிலை வைத்தே அவர்களைக் கீழே தள்ளி வைத்திருந்த காலம் அது. எங்கள் தோப்பில் ஏறியவருடைய மகன் மரமேறவில்லை. படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போனார். அதை இழப்பு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கீழே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டவன் நான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2020 அக்டோபரில் வாளையார் பக்கம் செல்லங்காவில் ஐந்து பழங்குடியினர் விஷ மது குடித்து இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல். இவை ஈஸ்ட் செய்த கொலைகள் அல்ல. கள்ளக்குறிச்சியில் கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக்கான விஷம். கோதுமை பீர் ஐந்து சதவீதம் சுமார். தென்னங்கள்ளுக்குக் கேரள விதிகளில் 8.1 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். கள்ளுக்கடையிலும் மரம் கொடுப்பதைவிட விற்பது அதிகமானால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீரும் தூளும் கலந்த கள் பிடிபடுவது எங்கள் பக்கம் புதுச் செய்தி அல்ல.

அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டில் பீர் வடிப்பது மத்தியச் சட்டப்படி குற்றமில்லை என்றானது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை வரி கிடையாது, விற்கக்கூடாது. இங்கே ஜெர்மனியில் வீட்டில் வடித்தால் குறிப்பிட்ட லிட்டர் வரை வரி இல்லை. (ஊருக்கு லீவில் போகும்போது யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வீட்டில் வடிப்பது குற்றம். பேங்க்காரன் எச்சரிக்கை சொல்லாமல் முடிக்க மாட்டான்.)

கடைசியாக பெல்ஜியத்துக் கதை ஒன்று. கொத்தமல்லி போடுகிற கோதுமை பீருக்குப் பேர் போன ஊர் ஹூகார்டன். ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஆலைகள். 1957-ல் கடைசி ஆலையும் மூடியது. அந்த ஊரில் பியர் செலிஸ் என்று ஒரு பால்காரர். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஆலையில் கூடமாட உதவியவர். 1966 வாக்கில் தான் பார்த்ததை ஞாபகத்திலிருந்து எடுத்து வடிக்க ஆரம்பித்தார். இன்றைக்கு உலகம் முழுக்கக் கிடைக்கிற பெல்ஜியக் கோதுமை பீர் அந்தப் பால்காரரின் ஞாபகத்திலிருந்து வந்தது. நடுவில் விட்டுப்போனது ஒன்பதே வருஷம்.

பொள்ளாச்சிப் பெரியம்மா தோப்பில் விட்டுப்போய் நாற்பது வருஷம் ஆகப் போகிறது. பாளையைத் தட்டத் தெரிந்த கை இன்றைக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். நாளைக்கே சட்டம் மாறினாலும் யார் சொல்லிக் கொடுப்பது? தோப்பியைத் தொலைத்துவிட்டோம். அதற்கு ஒரு பாட்டாவது மிஞ்சியது. கள்ளுக்கு அதுவும் எழுதி வைக்கவில்லை.

போன ஆகஸ்ட்டில் ஊருக்குப் போயிருந்தபோது தோப்புக்குப் போனேன். அப்புச்சி இல்லை. மரமேறியவரும் காலமாகி விட்டார். இப்போது தேங்காய் மட்டும்தான். மாட்டுக்கொட்டகைப் பரணில் ஒரு பழைய முட்டி கிடந்தது. முகர்ந்து பார்த்தேன், தூசி வாடை. எவ்வளவு கழுவினால் ஊமையாகும், எவ்வளவு விட்டால் பேசும் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். வருஷா வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், இந்த வாரம் ஃபோன் போடும்போது கேட்டு எழுதி வையுங்கள். இறக்குவதற்குத்தான் உரிமம் வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

வீட்டம்மா இதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆப்பத்துக்கு மாவரைக்கப் போகிறாளாம். பவேரியாக்காரரிடம் கொஞ்சம் ஈஸ்ட் கேட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.